ஆட்டத்தில் கைகொடுக்கிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் எங்கே போகிறார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒன்றரை வருடமாகத் தினமும் இரவில் ஆன்லைனில் விளையாடுகிறீர்கள். முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் காப்பாற்றுகிறார்கள், தங்கள் பையிலிருந்து மருந்து எடுத்துப் போடுகிறார்கள், உங்களால் தோற்றாலும் "விடுங்க, அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்" என்கிறார்கள். ஆனால் ஹெட்செட்டைக் கழற்றி வைத்த அடுத்த நிமிடம் அறை முன்னைவிட வெறிச்சென்று இருக்கிறது. அந்த அன்பு நிஜமா, நிஜமென்றால் தனிமை ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள்.

அன்பு நிஜம்தான். தனிமையும் நிஜம்தான். இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு. ஒன்றில் வரவு வைத்தால் மற்றதில் கடன் கழியாது. இருபது வருடமாக இந்த விளையாட்டுகளில் கிடக்கிறேன், அதில் ஏழெட்டு வருடம் ஒரு கில்டை, அதாவது சேர்ந்து ஆடும் நிரந்தரக் கூட்டம் ஒன்றை, நடத்தியும் பார்த்துவிட்டேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அன்பு அங்கே ஏன் அவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்ப்போம். பப்ஜியில் நான்கு பேர் அணியாக (ஸ்குவாட்) ஆடும்போது ஒருவர் அடிபட்டு விழுகிறார். எந்தப் பக்கம் விழுந்தார் என்று திரை காட்டிவிடுகிறது. அவருடைய உயிர்க்கோடு தேய்ந்துகொண்டே வருவதும் தெரிகிறது. பக்கத்தில் போய் ஒரு பட்டனை அழுத்தினால் 10 விநாடியில் எழுப்பிவிடலாம். அந்த 10 விநாடியும் எழுப்புகிறவரால் சுட முடியாது, ஓட முடியாது. முட்டிபோட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும். ஆனாலும் உட்காருகிறார்கள். பெயர்கூடத் தெரியாத ரேண்டம் ஆளுக்காக உட்காருகிறார்கள். நான் விழுந்து கிடந்தபோது ஒருவர் என்னை எழுப்ப உட்கார்ந்து, ஒன்பதாவது விநாடியில் தானும் விழுந்தார். இரண்டு பேரும் தரையில் தவழ்ந்தபடி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அவர் பெயர் என்ன என்று அப்போதே கவனிக்கவில்லை.

நிஜ வாழ்க்கையில் ஒருவருக்கு உதவி வேண்டுமா என்பதே முதலில் தெரியாது. தெரிந்தாலும், கேட்டால் தப்பாக நினைப்பாரோ, நம்மால் முடியுமோ, ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்று ஆயிரம் யோசனை. விளையாட்டில் தேவை கண்ணுக்குத் தெரிகிறது, செய்ய வேண்டியது என்னவென்று தெரிகிறது, எப்போது முடியும் என்றும் தெரிகிறது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் மனிதர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் நடந்துகொள்கிறார்கள். செய்த உதவிக்குப் பின்னால் நன்றிக்கடன் என்ற பாரமும் இல்லை. அடுத்த ஆட்டத்தில் அவர் யாரோ, நீங்கள் யாரோ.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு ஆட்டம் செய்தவர்களில் ஒருவர் ஜப்பானின் ஹிடெடாகா மியாசாகி. பனி கொட்டிய ஒரு மலைச்சாலையில் அவருடைய கார் மேடேற முடியாமல் நின்றுவிட்டது. பின்னால் வந்த கார்களும் வரிசையாகச் சிக்கிக்கொண்டன. கடைசியில் பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்த காரை முட்டித் தள்ளித் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டார்கள். இறங்கி நன்றி சொல்லலாம் என்றால் மறுபடி வண்டி நின்றுவிடும். அப்படியே போய்விட்டார். வரிசையில் கடைசியாக இருந்தவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்ற கேள்வி மட்டும் அவருக்குள் தங்கிவிட்டதாம். 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் ஆட்டத்தில் மற்ற வீரர்களோடு உள்ள உறவை அவர் அமைத்த விதத்துக்கு இந்த அனுபவம்தான் விதை. பெரும்பாலும் நீங்கள் தனியாகத்தான் போவீர்கள். ஆனால் தரையில் யாரோ எழுதிவிட்டுப் போன குறிப்பு கிடக்கும்: முன்னால் பொறி இருக்கிறது, பின்பக்கம் பார் என்பது போல. அது உதவியது என்று நீங்கள் ஒரு பரிந்துரை போட்டால், அதை எழுதியவருக்கு அவர் எங்கே எந்தச் சண்டையில் இருந்தாலும் உயிர் கொஞ்சம் ஏறும். சாகப்போகிற நேரத்தில் திடீரென்று உயிர் ஏறினால், எங்கோ ஒருவர் நீங்கள் எழுதியதைப் படித்துப் பிழைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

மனிதர்கள் நல்லவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பதற்கு 2012-இல் வந்த ஜர்னி என்ற ஆட்டம் நல்ல சாட்சி. அதில் பெயர் தெரியாத இன்னொருவரோடு பாலைவனத்தில் நடப்பீர்கள். பேச முடியாது, எழுத முடியாது, ஒரு சின்ன ஓசை மட்டும் எழுப்பலாம். உருவாக்கிய காலத்தில் ஒருவரையொருவர் தள்ளும்படி வைத்திருந்தார்கள். தடையைத் தாண்ட உதவிக்குத் தள்ளுவார்கள் என்ற நம்பிக்கை. ஆடிப் பார்த்தவர்களோ கூட வந்தவரை ஆபத்தில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதை இயக்கிய ஜெனோவா சென்னும் அவர் குழுவினரும் தள்ளுவதை எடுத்துவிட்டு, நெருங்கித் தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும்படி மாற்றினார்கள். அவ்வளவுதான், ஆட்கள் குளிருக்கு ஒட்டிக்கொள்வது போல ஒட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். அதே வருடம் வந்த கில்டு வார்ஸ் 2-இலும் இப்படித்தான்: நீங்கள் அடித்த மிருகத்தை நானும் அடித்தால் இரண்டு பேருக்கும் பங்கு தனித்தனியாக வரும், விழுந்து கிடக்கும் யாரை எழுப்பினாலும் எழுப்பியவருக்குப் புள்ளி. இன்னொருவர் வருவதைப் பார்த்தால் "போச்சு, பங்குக்கு ஆள் வந்துட்டான்" என்று தோன்றாது.

சரி, ஆட்டமே கூலி கொடுப்பதால்தான் உதவுகிறார்கள் என்றால் அது என்ன அன்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஃபியூயல் ராட்ஸ் என்ற கூட்டத்தைச் சொல்வேன். எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி விளையாட்டில் எரிபொருள் தீர்ந்தால் நடுவெளியில் அப்படியே மிதந்து சாக வேண்டியதுதான். 2015-இல் சில வீரர்கள் சேர்ந்து, யார் எங்கே மாட்டிக்கொண்டாலும் போய் எரிபொருள் ஊற்றுவோம் என்று கிளம்பினார்கள். தாங்கள் எங்கிருந்தாலும் விட்டுவிட்டுக் கிளம்பி வருவார்கள், சில நேரம் மணிக்கணக்கில் பறந்து. காப்பாற்றிய கணக்கு பல்லாயிரம் தாண்டிவிட்டது. உதவி கேட்டு வருகிறவரிடம் அவர்கள் முதலில் விசாரிப்பது ஆக்சிஜன் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டதா என்றுதான். ஆரம்பித்திருந்தால் உடனே முதன்மைப் பக்கத்துக்கு வெளியேறிவிடச் சொல்வார்கள், நேரம் அங்கே உறைந்து நிற்கும். காசும் வாங்குவதில்லை. "எங்ககிட்ட எரிபொருள் இருக்கு, உங்ககிட்ட இல்லை. வேற ஏதாவது சந்தேகம்?" என்பதுதான் அவர்களுடைய வாசகம்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, கடினமான பாதி.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார். பழக ஒரு கூட்டம் இல்லாத தனிமை ஒன்று. நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கு உண்டான மருந்து மற்றதற்குக் கேட்காது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். நூறு பேர் உள்ள கூட்டத்தில் உங்களுக்கு இடம் இருக்கலாம். இரவு பதினோரு மணிக்கு "இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்ல ஒருவர் இல்லாமலும் இருக்கலாம். விளையாட்டு முதல் வகைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர், டிமிட்ரி வில்லியம்ஸ் இருவரும் 2006-இல் எழுதிய ஆய்வில், இந்த விளையாட்டுகள் வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத ஒரு மூன்றாம் இடமாக இருக்கின்றன என்றார்கள். பலவகை மனிதர்களோடு மேலோட்டமான பழக்கம் அங்கே கிடைக்கும். ஆழமான துணை கிடைப்பது குறைவு என்றும் அவர்களே சொன்னார்கள். அதே வருடம் நிகோலா டுஷெனோவும் நிக் யீ முதலியவர்களும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆராய்ந்து பார்த்தபோது, ஆயிரக்கணக்கானவர் சுற்றியிருக்க, பலர் பெரும்பாலான நேரம் தனியாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கும் பல நாள் போதும். உங்களுக்குப் போதவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள்.

பழைய விளையாட்டுகளில் இன்னொரு விஷயம் இருந்தது: காத்திருப்பு. 1999-இல் வந்த எவர்க்வெஸ்டில் ஒரு சண்டை முடிந்தால் மந்திர சக்தி திரும்ப ஏறும்வரை தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நிமிடக்கணக்கில். அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லாததால் ஆட்கள் பேசினார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் ஆரம்ப காலத்திலும் ஐந்து பேர் சேர ஊருக்குள் நின்று "ஹீலர் ஒருத்தர் வேணும்" (அணியின் காயம் ஆற்றுகிறவர்) என்று அரைமணி நேரம் கத்த வேண்டும், பிறகு குகை வாசல்வரை நடந்து போக வேண்டும். எரிச்சலான வேலைதான். ஆனால் நல்ல ஹீலர் யார், பாதியில் விட்டு ஓடுகிறவர் யார் என்று சர்வர் முழுக்க, அதாவது ஆட்ட உலகின் அந்தப் பிரதியில் இருந்த எல்லோருக்கும், தெரிந்திருந்தது. 2009 டிசம்பரில் ஒரு பட்டன் வந்தது. அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்து நேராகக் குகைக்குள் இறக்கிவிடும். இருபது நிமிடம், ஒரு "தேங்க்ஸ்", கலைந்துவிடுவார்கள். மறுபடி சந்திக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நானும் அந்தப் பட்டனுக்குக் கைதட்டியவன்தான், நேரம் மிச்சமாயிற்றே. ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், அதற்குப் பிறகு என் நண்பர்கள் பட்டியலில் புதுப் பெயர் ஒன்றுகூடச் சேரவில்லை.

நீங்கள் ஆடுவது பெரும்பாலும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு இரவும் புதிய மூன்று பேர். ஒவ்வொருவரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நாளைக்கு நீங்கள் வராவிட்டால் அந்த மூவரில் யாருக்கும் தெரியாது. ஆட்டத்தில் உங்கள் உயிர்க்கோடு எல்லோர் திரையிலும் தெரிகிறது. தனிமைக்கு அப்படி ஒரு கோடு திரையில் கிடையாது.

எங்கள் கில்டில் ஒருவர் இருந்தார். புதிதாக யார் சேர்ந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் அவரிடமிருந்து ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பார்சல் போகும்: ஒரு பை, இருபது மருந்துக் குப்பிகள், கொஞ்சம் காசு. பெரிய சண்டைகளுக்கு வரமாட்டார். குரல் அறையில் இருப்பார், மைக் எப்போதும் மூடியிருக்கும். எல்லோரும் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள், நானும் சொன்னேன், அதோடு விட்டுவிட்டேன். சர்வர் பராமரிப்பு நீண்டுகொண்டே போன ஓர் இரவில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய், அவர் எழுதினார்: "பார்சல் அனுப்பினா தேங்க்ஸ்னு ஒரு பதில் வரும். சில நாள் எனக்கு வர்ற ஒரே வார்த்தை அதுதான்."

என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மூன்று தடவை தட்டி அழித்தேன். கடைசியில், "புதன்கிழமை ஒன்பது மணிக்குப் புதுசா வந்தவங்களுக்கு மருந்து செய்யக் கத்துக்கொடுக்க ஆள் வேணும், வர்றீங்களா?" என்று கேட்டேன். அப்படி ஒரு வகுப்பே அதுவரை இல்லை. அந்த நிமிடம் உண்டாக்கினேன். வந்தார். முதல் வாரம் இரண்டு பேர், அடுத்த வாரம் நான்கு. ஒரு புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல்; ஒன்பதே காலுக்கு மூன்று பேர் என்னிடம் "அவர் எங்கே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஆறேழு மாதம் கழித்து மைக்கைத் திறந்தார். குரல் நான் நினைத்ததைவிட ரொம்ப இளையது.

அதற்குப் பிறகு, அளவுக்கு மீறிக் கொடுக்கிறவர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கப் பழகிக்கொண்டேன். எல்லோருக்கும் ஸ்கின் (பாத்திரத்துக்கும் ஆயுதத்துக்கும் போடும் அலங்காரம்) வாங்கித் தருகிறவர், எப்போது கூப்பிட்டாலும் ஆன்லைனில் இருக்கிறவர், தன்னைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாதவர். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. சிலருக்குக் கொடுப்பதே சுகம்.

வசவு பேசுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தனிமையை வளர்ப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. முகம் தெரியாததால் மனசு திறக்கிறது, அதே காரணத்தால் வாயும் திறக்கிறது; உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் இதை ஒரே விளைவின் இரண்டு பக்கம் என்று எழுதினார். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் நடத்தும் ரயட் நிறுவனம் ஆராய்ந்தபோது, கெட்ட பேச்சில் பெரும்பகுதி நிரந்தரப் போக்கிரிகளிடமிருந்து வரவில்லை, சாதாரணமாக ஒழுங்காக ஆடுகிற ஆட்களிடமிருந்து ஒரு மோசமான நாளில் வந்தது. எதிரணியோடு பேசும் வசதியைத் தடைசெய்யாமல், வேண்டுமானால் திறந்துகொள்ளலாம் என்று மாற்றி வைத்ததிலேயே வசவு கணிசமாகக் குறைந்தது. ஆனால் அடிபட்டவருக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு? குரலைக் கேட்டதும் பெண் என்று தெரிந்து சீறுவார்கள் என்பதால் மைக்கையே தொடாமல் வருடக்கணக்காக ஆடுகிற பெண்கள் எத்தனையோ பேர். 2015-இல் வந்த ஒரு ஆய்வு ஹேலோ 3 ஆட்டங்களை வைத்துப் பார்த்ததில், பெண் குரலிடம் அதிகம் சீறியவர்கள் ஆட்டத்தில் பின்தங்கிய ஆண்கள். 2019-இல் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் கொண்டுவந்த பிங் முறை, வாய் திறக்காமலே எதிரி இங்கே, துப்பாக்கி அங்கே என்று காட்ட வைத்தது. பலருக்கு நிம்மதி. ஆனால் பேசாமலே நன்றாக ஆடலாம் என்றானபின் பேசுவதற்கு இருந்த கடைசிச் சாக்கும் போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். தனிமையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜான் கசியப்போ காட்டியது இது: தனிமையில் நெடுநாள் இருப்பவர் மனம் மற்றவர்களிடம் ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். யாராவது பதில் எழுத இரண்டு நிமிடம் தாமதித்தால்கூட "என்னைப் பிடிக்கவில்லை" என்று படும். ஆட்டத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மறுமுனையில் இருப்பவர் பேசாமல் இருப்பதற்கு நூறு காரணம் இருக்கலாம், குழந்தை அழுதிருக்கலாம், நெட் போயிருக்கலாம். நமக்குத் தெரிவது மௌனம் மட்டும்.

மாட்ஸ் ஸ்டீன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நார்வேக்காரர். டுஷென் என்ற தசைச் சிதைவு நோய், 2014-இல் 25 வயதில் இறந்தார். மகன் திரை முன்னால் தனியாகவே வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் இறப்புச் செய்தியைப் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதம் குவிந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் ஸ்டார்லைட் என்ற கில்டில் ஐபெலின் என்ற பெயரில் பல வருடம் இருந்தவர் அவர். எங்கள் குடும்பச் சண்டையைத் தீர்த்துவைத்தார், நான் உடைந்து கிடந்தபோது பேசினார் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இறுதிச் சடங்குக்குக் கில்டிலிருந்து சிலர் வெளிநாட்டிலிருந்தே வந்தார்கள். 2024-இல் இது ஆவணப்படமாகவும் வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் "பார்த்தீர்களா, விளையாட்டில் தனிமை இல்லை" என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். நான் அதில் வேறு இரண்டைப் பார்க்கிறேன். ஒன்று, அவர் வருடக்கணக்கில் அதே சிறிய கூட்டத்தோடு இருந்தார். மற்றது, அவர் நோயைப் பற்றி அந்தக் கூட்டத்திடம் நீண்ட காலம் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் சாய்ந்துகொள்ளத் தோள் கொடுத்தவர், தன் பாரத்தை இறக்கி வைக்க அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார். பார்சல் அனுப்பிய எங்கள் ஆள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

எவ்வளவு நேரம் ஆடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் சுமார் 39,000 பேரின் உண்மையான ஆட்ட நேரத்தை வைத்து 2022-இல் ஒரு ஆய்வு வந்தது. நேரம் கூடினாலும் குறைந்தாலும் மனநலத்தில் பெரிய மாற்றம் இல்லை; பிடித்து ஆடுகிறோமா, ஆடாமல் இருக்க முடியாததால் ஆடுகிறோமா என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம், என்ன செய்யலாம்? ரேண்டம் ஆட்டத்தைக் குறைத்து, ஒரு சின்னக் கூட்டத்தைப் பிடியுங்கள். பத்து இருபது பேர் போதும், ஐந்நூறு பேர் உள்ள சர்வர் வேண்டாம். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் போங்கள். திறமை வேண்டாம், ஏதாவது ஒரு சில்லறை வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் வராவிட்டால் அந்த வேலை நிற்கும்படி. சண்டை முடிந்ததும் ஓடாமல் பத்து நிமிடம் லாபியில் (ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கூடும் அறை) நில்லுங்கள். பேச்சு அங்கேதான் நடக்கும்.

கேட்கவும் பழகுங்கள். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் கடற்படை போலக் கூட்டமாகப் பறக்கும்போது உங்கள் கப்பல் அடிவாங்கினால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், பழுதுபார்க்கும் கப்பல்கள் உடனே உங்கள் பக்கம் திரும்பும். அழுத்தாதவரைத் திட்டுவார்கள்: சொல்லாமல் செத்தால் நாங்கள் என்ன செய்வது என்று. அந்தப் பட்டனின் பெயரையே வைத்து, உயிரை விட்டுவிடலாமா என்ற நிலையில் இருப்பவர்களுக்காகச் சக வீரர்களே ஒரு அரட்டை அறையைத் திறந்தார்கள். உங்கள் வெறுமை அந்த அளவுக்குப் போனால் ஆட்டத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள், வெளியே ஒரு மருத்துவரிடமும் சொல்லுங்கள். விளையாட்டுத் தோழர் துணைக்கு இருப்பார், சிகிச்சை தர அவரால் முடியாது. அந்த அளவு இல்லையென்றால், கூட்டத்தில் ஒருவரிடம் ஒரு வரி போதும்: "இன்னைக்கு ஆடற மூட் இல்ல, சும்மா பேசிட்டு இருக்கலாமா?" நான் பார்த்தவரை இதற்கு மாட்டேன் என்றவர் மிகக் குறைவு.

உங்கள் நண்பர்கள் பட்டியலையும் ஒருமுறை கீழே வரை இழுத்துப் பாருங்கள். என்னுடையதில் 'கடைசியாக வந்தது 4 ஆண்டுகளுக்கு முன்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அலுத்துப் போய் விட்டாரா, வேலை மாறினாரா, இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை அந்த மாதிரிப் பெயர்களுக்கு ஒரு வரி அனுப்புவேன்: "உங்க இடம் காலியாத்தான் இருக்கு, சும்மா சொல்லி வைக்கிறேன்." நான்கில் ஒருவராவது பதில் போடுவார். போன வருடம் ஒருவர் போட்ட பதில், "அட, ஞாபகம் இருக்கா?" அன்றிரவு இரண்டு மணி நேரம் பேசினோம், ஆட்டத்தைத் திறக்கவே இல்லை.